இலவச அரிசியோடு எதைச் சேர்ப்பது? குறைந்த செலவில் பசி தாங்கும் வீட்டுச் சமையலுக்கு ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு 2011 ஜூன் மாதம் முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. ஆகவே சாப்பாட்டுச் செலவைப் பற்றிப் பேச்செடுத்தாலே, ‘அரிசிதான் சும்மா வருகிறதே, பிறகென்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. நான்கு பேர் உள்ள அட்டைக்குப் பொதுவாக மாதம் 20 கிலோ என்றால் தலைக்கு 5 கிலோ. நாளொன்றுக்கு ஏறக்குறைய 165 கிராம். நூறு கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி இருப்பதால், அந்த அரிசி முழுவதையும் சமைத்துச் சாப்பிட்டாலும் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பது 580 கலோரிக்குள்தான். உடலுழைப்பு உள்ள ஒருவருக்கு 2,000 கலோரிக்கு மேல் தேவைப்படுகிறது. அதாவது இலவச அரிசி கால் வயிற்றைப் பார்த்துக்கொள்கிறது. மீதி முக்கால் வயிற்றுக்கு எதை வாங்குவது என்பதில்தான் ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கு தேறுவதும் இடிப்பதும் இருக்கிறது.

இந்த முடிவை எடுக்கும்போது கிலோ விலையை மட்டும் பார்த்தால் தவறிவிடும். வயிறு நிரம்புவது வேறு, பசி தாங்குவது வேறு. காலை எட்டு மணிக்கு ஐந்து இட்லியைத் தேங்காய்ச் சட்னியோடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியவர் பத்தரைக்கு டீக்கடையில் வடை வாங்கிச் சாப்பிட்டால், வீட்டில் மிச்சப்படுத்திய பணம் டீக்கடைக்குப் போய்விட்டது என்றுதான் கணக்கெழுத வேண்டும். எனவே கீழே வரும் ஒப்பீட்டில் பொருளின் விலை, அது எத்தனை மணி நேரம் பசி தாங்கும் என்பது, அதைச் சமைக்க ஆகும் எரிபொருள், சமைப்பவரின் உழைப்பு ஆகிய நான்கையும் சேர்த்தே பார்த்திருக்கிறேன். இரு பெரியவர்களும் பள்ளி செல்லும் இரு பிள்ளைகளும் கொண்ட ஒரு நகர்ப்புறக் குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். விலைகள் சில்லறைக் கடையின் தோராய விலைகள். ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

ரேஷன் அரிசி சோற்றுக்கா, மாவுக்கா?

பல வீடுகளில் ரேஷன் அரிசியை இட்லி மாவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, சோற்றுக்குக் கிலோ 60 ரூபாய் விலையில் பொன்னி அரிசி வாங்குகிறார்கள். மாதம் 15 கிலோ பொன்னி என்றால் 900 ரூபாய். மொத்தச் சாப்பாட்டுச் செலவு ஐயாயிரத்துச் சொச்சத்துக்குள் அடங்க வேண்டிய வீட்டில் இது பெரிய தொகை. ரேஷன் அரிசியின் மீதுள்ள குறைகள் கற்பனையல்ல: சில மாதம் வாடை அடிக்கும், குருணை அதிகமிருக்கும், குக்கரில் வைத்தால் குழைந்து களியாகும். ஆயினும் இவற்றில் பெரும்பாலானவற்றைச் சமைக்கும் முறையால் சரிக்கட்டிவிடலாம் என்பது என் கருத்து.

முதலில் அரிசியைப் புடைத்துக் குருணையைத் தனியே எடுத்துவிட வேண்டும். அந்தக் குருணை வீணல்ல, உப்புமாவுக்கும் கஞ்சிக்கும் அதுவே நொய். பிறகு தண்ணீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை களைந்து, அரை மணி நேரமாவது ஊறவிட்டு, குக்கரைத் தவிர்த்து அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் கொதித்த பின்னரே அரிசியைப் போட வேண்டும். வாடை அதிகமிருந்தால் முதல் கொதியில் மேலே பொங்கிவரும் நுரையை அகப்பையால் எடுத்துவிட்டு, கொஞ்சம் கொதிநீர் சேர்த்துத் தொடரலாம். பருக்கை விரலிடையில் நசுங்கியும் நடுவில் மெல்லிய விறைப்பு இருக்கும் பதத்தில் வடித்துவிட்டால் சோறு உதிரியாக நிற்கும். வடித்த கஞ்சியைக் கொட்டாமல் உப்பும் மோரும் சேர்த்துக் குடித்தால், வடிப்பதில் போகும் சத்தின் ஒரு பகுதி திரும்ப வயிற்றுக்கே வந்து சேரும்.

களையும்போது சில அரிசிகள் மட்டும் மிதப்பதையும், நிறத்தில் சற்று மாறியிருப்பதையும் பார்த்து ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவை செறிவூட்டப்பட்ட அரிசி மணிகள். அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைக் கலந்து மீண்டும் அரிசி வடிவில் வார்த்து, நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ என்ற அளவில் சேர்க்கப்பட்டவை. சோகை பரவலாக உள்ள நாட்டில், இலவசமாகக் கிடைக்கும் சத்தை முறத்தின் ஓரத்தில் ஒதுக்கிவைப்பது இழப்புதான்.

மிஞ்சிய சோற்றில் இரவே தண்ணீர் ஊற்றிவைத்தால் காலை உணவு எரிபொருள் செலவே இல்லாமல் முடிந்துவிடும். பழைய சோற்றின் பெருமையை ஊரே பேசுகிறது. ஆனால் அதோடு வெறும் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டால் பதினோரு மணிக்குள் பசித்துவிடும் என்பதை யாரும் சொல்வதில்லை. ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையைக் காய்ந்த மிளகாய், புளியோடு அரைத்த துவையலோ, முதல் நாள் இரவு வேகவைத்த பயறோ உடனிருந்தால்தான் அது மதியம்வரை தாங்கும்.

ஆக, 20 கிலோவையும் மாவுக்கென்று ஒதுக்காமல், மாதத்துக்கு 5 கிலோவை மாவுக்கும் 15 கிலோவைச் சோற்றுக்கும் எடுத்துக்கொள்வதே செலவைக் குறைக்கும் பங்கீடு. பொன்னிச் சோறு இல்லாமல் முடியாது என்ற வீடுகளில், விருந்தாளி வரும் நாளுக்கென்று இரண்டு கிலோ வாங்கி வைத்துக்கொள்ளலாம். மூட்டையாக வாங்கும் பழக்கத்தைத்தான் விட வேண்டும்.

மீதித் தானியத்துக்கு எது?

நான்கு பேருக்கு மாதம் 35 கிலோ தானியம் தேவைப்படும் என்று வைத்துக்கொண்டால், ரேஷன் அரிசி போக 15 கிலோ வாங்க வேண்டும். கடையில் சாதாரண புழுங்கல் அரிசியும் இட்லி அரிசியும் கிலோ 45 ரூபாயை ஒட்டியிருக்கின்றன. கோதுமை மாவு 50 ரூபாய். கேழ்வரகும் கம்பும் 40 முதல் 50 ரூபாய். தினை, சாமை, வரகு, குதிரைவாலி ஆகியவை 90 ரூபாய்க்கும் மேல்.

கடைசியில் சொன்ன சிறுதானியங்களை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அவை நல்ல உணவு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு காலத்தில் ஏழை வீட்டு உணவாக இருந்தவை இன்று அங்காடிகளில் அழகிய பொட்டலங்களில் அரிசியைப் போல இரு மடங்கு விலைக்கு விற்கப்படுகின்றன. அந்தக் கூடுதல் பணத்தில் அரைக் கிலோ பயறு வாங்கிவிடலாம். பயறு தரும் பலனைத் தினை தராது.

கேழ்வரகின் நிலை வேறு. அரிசி விலைக்கே கிடைக்கிறது. நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்குக் குறையாத சுண்ணாம்புச் சத்து அதிலிருக்கிறது, அரிசியில் அது மிகச் சொற்பம். பால் வாங்குவதில் கை கடிக்கும் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு இதைவிட மலிவான சுண்ணாம்புச் சத்து கிடையாது. முழுத் தானியமாக வாங்கிக் கழுவிக் காயவைத்து மாவு மில்லில் கொடுத்து அரைத்தால், பாக்கெட் மாவைவிடக் கணிசமாக மலிவு. அரைகூலி கிலோவுக்குச் சில ரூபாய்தான். களியாகக் கிண்டினால் பசி நெடுநேரம் தாங்கும். கூழாகக் கரைத்தால் சீக்கிரம் செரிக்கும். முருங்கைக்கீரையும் வெங்காயமும் சேர்த்து அடையாகத் தட்டினால் பிள்ளைகள் மறுக்காமல் சாப்பிடுவார்கள். நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023இல் 2 கிலோ அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகை நியாயவிலைக் கடையிலேயே தரத் தொடங்கினார்கள். அத்தகைய ஊரில் இருப்பவர்கள் யோசிக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். கம்பு புரதத்தில் கேழ்வரகையும் மிஞ்சியது, ஆனால் இடித்துப் புடைக்கும் வேலை அதிகம். உடைத்த கம்பாக வாங்கினால் வேலை குறையும், விலை சற்று ஏறும்.

கோதுமையில் புரதம் அரிசியைவிட மிகுதி. நியாயவிலைக் கடையில் இருப்பு இருக்கும் மாதங்களில் அரிசி அளவுக்குள் கோதுமையாகவும் பெற்றுக்கொள்ளலாம். சிக்கல் கோதுமையில் இல்லை, சப்பாத்தியில் இருக்கிறது. நான்கு பேருக்குப் பதினாறு சப்பாத்தி தேய்த்துச் சுட முக்கால் மணி நேரம் அடுப்பு எரிய வேண்டும், எண்ணெய் போகும், தொட்டுக்கொள்ளக் குருமா என்றால் தேங்காய், கசகசா, பட்டாணி என்று செலவு தனியாக வளரும். சப்பாத்தியைப் பரோட்டாவின் தம்பியாக நினைப்பதால் வரும் வினை இது. அதே கோதுமையை ரவையாக உடைத்து உப்புமா கிண்டினாலோ, மாவைக் கரைத்துத் தோசையாக வார்த்தாலோ பாதி நேரமும் பாதி எண்ணெயும் போதும். சப்பாத்தியே வேண்டுமென்றால் கெட்டியான பாசிப்பருப்புக் கடைசலோடு சாப்பிடும் வீடுகளுக்கு அது கட்டுப்படியாகும்.

எனவே அந்த 15 கிலோவில் 5 கிலோ கேழ்வரகு, 5 கிலோ கோதுமை, 5 கிலோ சாதாரண புழுங்கல் அரிசி என்று பிரித்துக்கொள்வதையே பரிந்துரைப்பேன். செலவு சுமார் 700 ரூபாய். கோதுமை ரேஷனில் கிடைக்கும் மாதத்தில் இன்னும் குறையும்.

மாவைக் கடையில் வாங்குவதா, வீட்டில் அரைப்பதா?

ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்தும் ஒரு தேக்கரண்டி வெந்தயமும் போட்டு அரைத்தால், தண்ணீரோடு சேர்த்து மூன்று கிலோவை ஒட்டிய மாவு கிடைக்கும். உளுந்து கிலோ 130 ரூபாய் என்றால் கால் கிலோ 33 ரூபாய், அரிசி இலவசம், கிரைண்டர் அரை மணி நேரம் ஓடும் மின்சாரம் பெரிய செலவல்ல. ஆக ஒரு கிலோ மாவு 12 ரூபாய்க்குள் முடிகிறது. தெருமுனைக் கடையில் அதே மாவு 40 முதல் 50 ரூபாய். வாரத்துக்கு 4 கிலோ மாவு செலவாகும் வீட்டில் மாதம் 500 ரூபாயை ஒட்டிய வித்தியாசம் இது. இந்தக் கட்டுரையில் வரும் எல்லாச் சிக்கனங்களிலும் இதுவே உடனடியாகக் கையில் தெரியும் சிக்கனம்.

ஆனால் கிரைண்டரும் குளிர்பதனப் பெட்டியும் வீட்டில் இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். பெட்டி இல்லாத வீட்டில் மூன்று கிலோ மாவு கோடையில் இரண்டாம் நாளே புளித்துப் பொங்கிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் புளிக்கவைக்கத் தேவையில்லாத அடை மாவே சரி. அரிசியோடு வீட்டிலிருக்கும் பருப்பு வகைகளில் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்து ஊறவைத்து, அன்றைக்கு வேண்டியதை மட்டும் மிக்சியில் கொரகொரப்பாக அரைத்துக்கொள்ளலாம். பருப்பு மிகுந்திருப்பதால் இரண்டு அடை நான்கு தோசைக்குச் சமம். தொட்டுக்கொள்ள வெல்லமே போதும்.

இட்லி எவ்வளவு மலிவானாலும் அதன் பலவீனம் ஒன்றை மறக்கக்கூடாது. மேலே சொன்ன அளவில் அறுபது இட்லி வரை வரும். ஓர் இட்லியில் இரண்டு கிராமைச் சற்றே தாண்டும் புரதம். தனியாக அது பசி தாங்காது. தேங்காய் விலை ஏறிக் கிடக்கும் காலத்தில் தேங்காய்ச் சட்னி அதற்கு மிகவும் விலை கூடிய துணையும்கூட. வேர்க்கடலைச் சட்னி, கடலை மாவு கரைத்த பாம்பே சாம்பார், பாசிப்பருப்பு சாம்பார் ஆகிய மூன்றும் விலையிலும் பசி தாங்குவதிலும் தேங்காயை வென்றுவிடும்.

காசு போக வேண்டிய இடம்: பருப்பு, பயறு, முட்டை

அரிசியில் மிச்சமான பணம் எங்கே போக வேண்டும் என்பதற்கு வருவோம். புரதத்தை அளவுகோலாக வைத்து, 100 ரூபாய்க்கு எவ்வளவு கிடைக்கிறது என்று பார்த்தால் வரிசை பலருக்கும் வியப்பளிக்கும். கிலோ 85 ரூபாய் கொள்ளில் 100 ரூபாய்க்குச் சுமார் 260 கிராம் புரதம். 90 ரூபாய் மைசூர்ப் பருப்பிலும் ஏறக்குறைய அவ்வளவே. கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, வேர்க்கடலை ஆகியவற்றில் 190 முதல் 200 கிராம். 130 ரூபாய் துவரம்பருப்பில் 170 கிராம். ஆறரை ரூபாய் முட்டையில் 90 கிராம். கிலோ 240 ரூபாய் கறிக்கோழியில் எலும்பு போக 60 கிராம்கூடத் தேறாது. சோயாவில் செய்த மீல் மேக்கர் 350 கிராமைத் தாண்டி எல்லாவற்றையும் தள்ளிவிட்டு முதலிடத்தில் நிற்கும்.

முதலிடத்தில் நிற்பதாலேயே மீல் மேக்கரைத் தினமும் போடச் சொல்லமாட்டேன். கொதிநீரில் போட்டு எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, நுரை போகும்வரை இரண்டு முறை பிழிந்தால்தான் அதன் வாடை போகும்; அப்படிச் செய்தாலும் வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் போனால் தட்டில் ஒதுக்கப்படும். ஒதுக்கப்படும் உணவு எவ்வளவு மலிவானாலும் விலை அதிகம்தான்.

துவரம்பருப்பைப் பற்றி ஒரு சொல். தமிழ் வீட்டில் சாம்பார் என்றால் துவரை என்று ஆகிவிட்டது. ஆனால் உள்நாட்டு விளைச்சல் குறையும் ஆண்டுகளில் மியான்மரையும் ஆப்பிரிக்க நாடுகளையும் எதிர்பார்க்க வேண்டிய பருப்பு அது, விலை துள்ளுவதில் முதலாவது. நியாயவிலைக் கடையில் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின்கீழ் கிடைக்கும் 1 கிலோவை 30 ரூபாய்க்கு எந்த மாதமும் தவறாமல் வாங்கிவிட வேண்டும். அதற்கு மேல் தேவைப்படுவதில் பாதியை மைசூர்ப் பருப்பாக மாற்றிக்கொண்டால், வேகும் நேரமும் பாதியாகக் குறையும். இரண்டையும் சரிபாதி கலந்து வேகவைத்த சாம்பாரில் ருசி வித்தியாசத்தை எளிதில் கண்டுபிடிக்க முடியாது. மைசூர்ப் பருப்பு மட்டுமே என்றால் நிறமும் மணமும் மாறும். பூண்டும் சீரகமும் தூக்கலாகப் போட வேண்டும்.

கொள்ளை ‘குதிரைத் தீனி’ என்று ஒதுக்குகிற பழக்கம் நகரங்களில்தான் அதிகம். கொங்கு நாட்டு வீடுகளில் கொள்ளுப் பருப்பும் கொள்ளு ரசமும் வாடிக்கையான சமையல். வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, இரவு முழுவதும் ஊறவைத்து, குக்கரில் ஐந்தாறு விசில் விட வேண்டும். வெந்த தண்ணீரை இறுத்து மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரசமாக்கலாம். அடியில் நிற்கும் கொள்ளைச் சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாயோடு தாளித்து அம்மியிலோ மிக்சியிலோ ஓட்டினால் சோற்றில் பிசைந்து சாப்பிடும் கடைசல். ஒரு கிண்ணம் கொள்ளில் ரசமும் தொடுகறியும் முடிந்துவிடுகின்றன. காய் வாங்காத நாளுக்கு இதைவிடப் பொருத்தமான சமையலை நான் அறியேன். வாயுத் தொல்லை உள்ளவர்கள் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைக்கட்டும்.

பச்சைப்பயறும் கொண்டைக்கடலையும் முதல் நாள் இரவே ஊறவைக்கத் திட்டமிடும் வீடுகளுக்கு உரியவை. வேலை முடிந்து இரவு ஏழு மணிக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கும் ஒருவருக்கு ஊறாத கொண்டைக்கடலையால் பயனில்லை. அவருக்கு மைசூர்ப் பருப்பும் பாசிப்பருப்பும் முட்டையும்தான் துணை. முட்டை, கணக்கில் பின்தங்கியிருந்தாலும், தரமான புரதம், ஐந்து நிமிட வேலை, பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவது என்ற மூன்று காரணங்களால் தன் விலைக்குத் தகுதியானது. புரட்டாசியில் பலர் அசைவத்தை நிறுத்துவதால் நாமக்கல் விலை இறங்குவது வழக்கம். விரதம் இல்லாத வீடுகள் அந்த மாதத்தில் கூடுதலாக வாங்கலாம். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சத்துணவில் பள்ளி நாட்களில் முட்டை கிடைப்பதையும், தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் தரப்படுவதையும் கணக்கில் சேர்த்தால், வீட்டு முட்டையில் பெரும்பங்கு பெரியவர்களின் தட்டுக்குப் போகலாம். பொதுவாக நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. அதிலும் குடும்பத்தலைவியின் தட்டுக்கு முட்டை வந்து சேர்வதே அரிது.

மீனைப் பொறுத்தவரை மத்தியும் அயிலையும் மலிவாகக் கிடைக்கும் கடலோர ஊர்களில் அது கோழியைவிட நல்ல தேர்வு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் இருப்பதால் அந்த இரு மாதங்களில் விலை ஏறும். நெத்திலிக் கருவாடு அப்போது கைகொடுக்கும்.

காய்கறியில் சொல்ல அதிகமில்லை. உழவர் சந்தை அருகிலிருந்தால் அங்கே, இல்லையென்றால் மாலையில் கடை கட்டும் நேரத்தில். விலை ஏறிய காயைத் துரத்தாமல் பூசணி, சுரை, முட்டைக்கோஸ், வாழைக்காய், கீரை என்று விலை இறங்கியதை வாங்குவது. தெருவில் முருங்கை மரம் இருந்தால் கீரைச் செலவே இல்லை. கீரையின் இரும்புச் சத்து உடலில் சேர எலுமிச்சையோ நெல்லியோ உடனிருக்க வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதில் பெரும்பகுதி வீணாகும்.

எரிபொருள்: கேஸா, மின்சாரமா?

வீட்டு உபயோக சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. அதன் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாத்திரத்தைச் சேராமல் சுற்றிலும் போய்விடும். விலை 900 ரூபாயை ஒட்டியிருக்கும்போது, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் பாத்திரத்துக்குள் சேர ஏழெட்டு ரூபாய் ஆகிறது. இண்டக்‌ஷன் அடுப்பில் இழப்பு குறைவு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டாதவரை மேற்கொண்டு வரும் கட்டணமும் தாங்கக்கூடியதே. எனவே சொந்த மீட்டர் வைத்துச் சிக்கனமாகப் பயன்படுத்தும் வீட்டில், சோறு வடிப்பது, பயறு வேகவைப்பது போன்ற நீண்ட வேலைகளுக்கு இண்டக்‌ஷன் அடுப்பு மலிவாக முடியும். வீட்டுக்காரர் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று தன் விருப்பத்துக்கு வசூலிக்கும் வாடகை வீட்டில் இதே கணக்கு தலைகீழாகும். அங்கே கேஸ்தான் மலிவு.

எந்த அடுப்பானாலும் குக்கரில் அடியில் கொள்ளோ கடலையோ, மேலே தட்டில் உருளைக்கிழங்கோ முட்டையோ என்று அடுக்கி, ஒரே ஆவியில் இரண்டு பொருளை வேகவைப்பதில் உள்ள மிச்சம் அடுப்பை மாற்றுவதில் உள்ள மிச்சத்துக்குக் குறைந்ததல்ல. முதல் விசிலுக்குப் பின் தீயைக் குறைக்காமல் விசிலை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது பணத்தை ஆவியாக்குவது.

நான்கு பேருக்கான மாதப் பங்கீடு

மேலே சொன்ன தேர்வுகளைச் சேர்த்தால், கூடுதல் தானியத்துக்கு 700 ரூபாய். ரேஷன் துவரையோடு துவரை, மைசூர்ப் பருப்பு, உளுந்து, பயறு, கொள்ளு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை என எட்டரை கிலோவுக்கு 950. முட்டை அறுபதுக்கு 400. ரேஷன் பாமாயில் ஒரு லிட்டருக்கு 25, வேறு எண்ணெய் ஒரு லிட்டருக்கு 200. காய்கறி, கீரைக்கு நாளொன்றுக்கு 40 என 1,200. புளி, மிளகாய், மல்லி, வெங்காயம், தக்காளிக்கு 700. தினம் அரை லிட்டர் பாலுக்கு 600. டீத்தூள், சர்க்கரைக்கு 150. வாரம் ஒரு முறை மீனுக்கு 400. மொத்தம் 5,300 ரூபாயைச் சற்றே தாண்டும், எரிபொருள் தனி. புரதக் கணக்கில் தலைக்கு நாளொன்றுக்குச் சராசரி 45 கிராம் தேறுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்று பரிந்துரைக்கிறது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 46 கிராம். பிள்ளைகளின் தேவை குறைவு, அவர்கள் பள்ளியிலும் சாப்பிடுகிறார்கள் என்பதால் பெரியவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கும். பணம் இன்னும் இறுகினால் முதலில் மீனையும், அடுத்துக் கடை எண்ணெயில் பாதியையும் குறைக்கலாம். பருப்பிலும் முட்டையிலும் கை வைப்பது கடைசியாக இருக்கட்டும். நடைமுறையில் பெரும்பாலான வீடுகள் முதலில் வெட்டுவது பருப்பைத்தான்: சாம்பார் தண்ணீராகும், பிறகு ரசமாகும், பிறகு ஊறுகாயாகும்.

அட்டை இல்லாமல் நகரத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒற்றை ஆளுக்கு மேற்சொன்ன பங்கீடு பொருந்தாது. சென்னையில் இருப்பவராயின், 2013இல் தொடங்கப்பட்ட அம்மா உணவகங்களில் இட்லி ஒரு ரூபாய்க்கும் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய்க்கும் தயிர் சாதம் மூன்று ரூபாய்க்கும் கிடைக்கும்போது, காலையும் மதியமும் அறையில் சமைத்து அந்த விலைக்குப் போட்டியிட முடியாது. இரவு மட்டும் ஒரு சிறிய குக்கரில் ஒரு பங்கு நொய்யரிசியும் அரைப் பங்கு பாசிப்பருப்பும் சேர்த்துப் பொங்கி, இரண்டு முட்டையை அதே ஆவியில் வேகவைத்துக்கொண்டால் முப்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். சொந்த ஊரிலோ வேறு மாநிலத்திலோ முன்னுரிமைக் குடும்ப அட்டை இருப்பவர்கள், ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் முதல் நடப்பில் இருப்பதால், தங்கியிருக்கும் தெருவின் நியாயவிலைக் கடையிலேயே விரல்ரேகை வைத்துத் தங்கள் பங்கு அரிசியைக் கேட்டுப் பெறலாம்; ஆதார் இணைப்பு முடிந்திருக்கிறதா என்பதை ஊரில் இருக்கும்போதே பார்த்துவிட்டு வருவது அலைச்சலைக் குறைக்கும்.